கோதுமை இல்லை

ஹாஜிரா பீ போனை வைத்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அனுப்ரியா இன்னும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

மேற்கு மாம்பலத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள் அனுப்ரியா. கேழ்வரகை முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, மில்லில் அரைத்து, பாக்கெட் போட்டு விற்றாள். பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் பாக்கெட்டில் விதிப்படி இருந்தன. கீழே பச்சை எழுத்தில் அவளாகச் சேர்த்த இரண்டு சொற்கள்: கோதுமை இல்லை. அவள் கோதுமை சேர்க்கவில்லை, அதனால் இல்லை. அப்படி அச்சிட ஆய்வகச் சோதனை வேண்டும் என்று படித்தபோது, இத்தனூண்டு வியாபாரத்துக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அந்த இரண்டு சொற்களைப் பார்த்துத்தான் ஹாஜிரா பீ வந்தார். அவர் மகளுக்குக் கோதுமை துளி போனாலும் குடல் புண்ணாகிவிடும். ராயப்பேட்டையிலிருந்து வாராவாரம் போனில் மாவு சொல்வார். மாவுப் பேச்சு ஒரு நிமிடம்தான். பிறகு என்ன சமைத்தாய், தலைவலி போயிற்றா, ஏன் குரல் கம்மியிருக்கிறது என்று விசாரிப்பார். வேறு யாரும் அவளிடம் இதையெல்லாம் கேட்பதில்லை. காலையிலிருந்து பேசாத தொண்டையை அந்தப் போனுக்காகவே செருமி வைத்துக்கொள்வாள்.

இந்த முறை அவர் மாவு சொல்லவில்லை. பெண்ணுக்கு மறுபடி வயிற்றுவலி, எடை இறங்குகிறது, எங்கிருந்தோ கோதுமை போகிறது என்கிறார் டாக்டர். தட்டு, தோசைக்கல் எல்லாம் மாற்றியாகிவிட்டது.

"உன் மாவு ஒண்ணுதாம்மா பயப்படாம குடுக்குறேன்."

மறுநாள் மில்லில் அவளுக்கு முன்னால் யாருடைய கோதுமையோ அரைபட்டது. எப்போதும் அப்படித்தான், மிளகாய்க்கு மட்டும்தான் தனி மெஷின். மில்காரர் செம்பியன் மெஷினை இரண்டு தட்டு தட்டிவிட்டு அவள் கேழ்வரகைக் கொட்டினார். முதலில் விழும் மாவை ஒரு கைப்பிடி ஒதுக்கிவிடுவது அவள் வழக்கம். அது போதும் என்றே நம்பியிருந்தாள். அன்று மாவு விழும் துணிக்குழாயின் உள்ளே ஒட்டியிருந்த வெள்ளை மாவைக் காட்டி, இது போகாதா என்று கேட்டாள்.

"அது போவாதும்மா," என்று சிரித்தார் செம்பியன். "இந்தத் தெருவுல எல்லார் வூட்டு மாவும் எல்லார் வூட்லயும் கொஞ்சம் கீது."

அந்த மாவை அவள் பாக்கெட் போடவில்லை. ஆனால் பழைய பாக்கெட் ராயப்பேட்டையில் இருந்தது. சொன்னால் அதற்குப் பிறகு அந்தப் போன் வராது. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் அதே கூழ்.

தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

"இன்னாமா, நீயா போன் பண்றே? சாப்ட்டியா?"

அதற்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடலாமா என்று தோன்றியது.

"அக்கா, அந்தக் கோதுமை என் மாவுலதான் இருக்கு."