கலீனா கேட்ட ஸ்மெத்தானா

பாறசாலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி, கோட்டுகால் ஆயுர்வேத சிகிச்சை நிலையத்துக்கு வேலைக்கு வருகிறவள் அமிர்தா. ருஷ்யாவிலிருந்து வரும் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர். மூன்று மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாக்குவது டாக்டர் ஜோஸ்னாவின் கையில். அந்த பாஷையில் தன்னை அசைக்க ஆளில்லை என்பதில் அமிர்தாவுக்குச் சந்தேகமில்லை.

புதன் மதியம் கலீனா இரண்டாம் நாளாகத் தட்டைத் தள்ளிவைத்தாள். பீட்ரூட் சூப்பின் மேல் ஒரு கரண்டி ஸ்மெத்தானா வேண்டும், இல்லையென்றால் நாளைக்கே பெட்டி கட்டுவேன் என்றாள். இருபத்தொரு நாள் சிகிச்சைக்கு வந்தவள் ஆறே நாளில் போனால், பேசத் தெரியாதவள் என்ற பெயர் அமிர்தாவுக்குத்தான்.

சமையற்கட்டில் சமையல்காரன் ஷிஜு, ஸ்மெத்தானாவுக்குப் பதிலாகத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"தயிரு பத்தியத்துக்கு ஆவாதுல்லா அண்ணே?"

"தொங்கவிட்டா அது தயிரே இல்ல பிள்ளே. அவளுக்கு அவ பாஷையிலே சொல்லு, டாக்டருக்கு டாக்டரு பாஷையிலே சொல்லு."

அந்த நேரம் ஜோஸ்னா உள்ளே வந்தார். "அவ கேக்குற அந்த ஸ்மெத்தானா என்ன சாதனமாக்கும்?"

அமிர்தா சொன்னாள். பழைய ஸ்லாவிய மொழியில் கூட்டிச் சேர்ப்பதற்கு ஒரு வினை உண்டு. பாலை அசையாமல் வைத்து, மேலே திரளும் ஆடையைக் கூட்டி எடுப்பார்கள். சேர்த்தெடுத்தது என்பதே பெயராகிவிட்டது. பெண்பால் சொல், பன்மையில் யாரும் சொல்வதில்லை. 'கொஞ்சம் தா' என்றால் கடைசி ஒலி மாறும். கலீனா அப்படித்தான் கேட்டாள்.

"அப்ப பாலாடை. குழப்பமில்ல, குடுங்க," என்று டாக்டர் திரும்பினார்.

ஷிஜு கண்ணைக் காட்டினான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தொங்கும் தயிர் பாலாடை என்ற பேரில் போய்விடும். சொல்லின் வேரில் புளிப்பு இல்லை; தான் சொன்னதில் பொய்யும் இல்லை. அமிர்தா நின்றாள். அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் வாசலைத் தாண்டினார்.

"மேடம், பேரிலேதான் புளிப்பில்ல. சாதனத்திலே உண்டு. புளிக்க வெச்சுதான் திம்பாவ."

ஜோஸ்னா நின்றார். "அப்ப வேண்டாம், பத்தியத்துக்குப் புளிப்பு ஆவாது. போறேன்னு நிக்கறவகிட்ட என்ன சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவேன். எனக்க வேலை அதாக்கும்."

"கிழிஞ்சு," என்றான் ஷிஜு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் காக்கவே வேண்டாம்."

காலைப் பாலின் மேல் திரண்டிருந்த ஆடையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனாள் அமிர்தா. டாக்டரும் பின்னால் வந்தார். இதன் பெயர் ஸ்லீவ்கி, இது புளிக்காதது, நீங்கள் கேட்டது சிகிச்சை முடியும்வரை கிடைக்காது, புளிப்பு என்று டாக்டரிடம் சொன்னது நான்தான் என்று ருஷ்யனில் சொன்னாள். குரலில் கெஞ்சல் இல்லை.

கலீனா கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் பதினைந்து நாள்," என்றாள் கலீனா. எரிச்சலோடு ஆடையை வழித்துச் சூப்பில் போட்டு, கரண்டியை எடுத்தாள்.

வராந்தாவில் ஜோஸ்னா சொன்னார். "நாளையிலேருந்து மருந்துக் குறிப்பையும் நீயே அவங்களுக்குச் சொல்லு. வேற ஆளு வேண்டாம்."

"வெள்ளிக்கிழமை கழிஞ்சா மேடம்?"

"கழிஞ்சாலுந்தான்."