ராத்போன் குடும்பத்தின் ஏழு நாள்

டாக்டர் லூசியஸ் ராத்போன் மருத்துவர் அல்லர். பள்ளி நிர்வாகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, துணைத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஃபிலடெல்ஃபியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில், 'டாக்டர்' என்று கூப்பிடாதவர்களை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. தெருவில் யாராவது மயங்கி விழுந்து, "இங்க டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூட்டம் அலறினால் மட்டும் பேசாமல் நடையைக் கட்டிவிடுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், பெரியப்பா மகள் ஏர்லீனின் சாப்பாட்டு மேசையின் முதல் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே ஏர்லீன். பக்கத்தில் அவளுடைய தம்பி வெண்டல், வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவன், இப்போது கோழி வறுவலை ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசி நாற்காலியில் ஜனேல், ஏர்லீனின் செத்துப்போன தங்கை கோராவின் மகள். மருத்துவமனையில் தாதி. கூட்டத்தில் பேசப்படுவதைக் கணினியில் தட்டுவது அவள் வேலை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ராத்போன் குடும்பம் கூடும். ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, பெயர்ப் பதாகையின் கீழ் படம் எடுத்துக்கொண்டு, வயதில் மூத்தவருக்கும் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கும் கைதட்டிவிட்டு, யார் கொண்டுவந்த மாக்கரோனி கெட்டுப்போனது என்ற சண்டையோடு கலையும். இந்த முறை இடம் சார்ல்ஸ்டன். தெற்கே, கடலோரம், குடும்பம் புறப்பட்டு வந்த ஊர். அதுவும் ஒரு முழு வாரம். பேரப்பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் அதை 'வீடு' என்றுதான் சொன்னார்கள்.

"முதல் நாள், வரவேற்பு. அடியேன் உரை," என்று விழாக் குழுத் தலைவரான லூசியஸ் தாளைப் பார்த்து வாசித்தார். "இரண்டாம் நாள், குதிரை வண்டியில் நகர்வலம். மூன்றாம் நாள், புகழ்பெற்ற உணவகத்தில் இறாலும் சோளக்கஞ்சியும்."

"எங்கம்மா வேலைக்கு ஓடுற அவசரத்துல கிண்டுன கஞ்சிய, மெழுகுவத்தி ஏத்திவச்சுச் சாப்பிடப் போறமா?" என்றான் வெண்டல்.

"வெண்டல், இது பண்பாட்டு அனுபவம்."

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லிருக்கணும். நாங்க தட்டக் கழுவிட்டுப் போயிருப்போம்."

ஏர்லீன் சிரிக்கவில்லை. அவள் இந்தக் கூட்டத்துக்குத் தன் வீட்டைக் கொடுத்து, சிவப்புச் சோறும் வெண்டைக்காய் சூப்பும் ஆக்கி வைத்ததற்கு ஒரே காரணம்தான் உண்டு. அதை அவர்கள் எப்போது தொடப்போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

"கோராவோட நாள் எது, லூசியஸ்?"

அவர் தாளைப் புரட்டினார். "ஆறாம் நாள். விருந்துக்கு முன்னாடி. 'மௌன அஞ்சலி, நேரம் வாய்த்தால்.'"

"நேரம் வாய்த்தாலா?"

"ஏர்லீன், ஒரு வாரத்துக்குத் திட்டம் போடுறதுங்கிறது ஒரு இசைக்கச்சேரிய நடத்துற மாதிரி..."

"நான் கச்சேரிக்கு வரல. என் தங்கச்சியப் பாக்க வரேன்."

கோரா கிடந்த இடம்தான் சிக்கல். சார்ல்ஸ்டனுக்கு வெளியே, ஆற்றோரம், ராத்போன் பண்ணை. அடிமைக் காலத்தில் கர்னல் ராத்போனுக்குச் சொந்தம். நிலம், நெல், ஆள் எல்லாம் சேர்த்து. விடுதலை வந்தபோது இவர்களின் முன்னோரான அந்த ஆட்கள் அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்; கூலி பாக்கிக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை. பெரிய வீடு இப்போது கல்யாண மண்டபம். வெள்ளைத் தூண்களின் முன் மணப்பெண்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால், சதுப்பு தொடங்கும் இடத்தில், ஓக் மரங்களின் கீழ், ஏர்லீனின் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் கிடக்கிறார்கள். சட்டம் வாரிசுகளை உள்ளே விடச் சொல்கிறது. எப்போது, எவ்வளவு நேரம், யார் காவலில் என்பதெல்லாம் பண்ணைக்காரர்கள் இஷ்டம்.

போன பிப்ரவரியில் கோராவைப் புதைத்தபோது காவலாள் ஒருவன் வண்டியை உறுமவிட்டபடியே நின்றான். மாலையில் கல்யாணமாம். குழி மூடியதும் ஏர்லீன் கோராவின் காப்பிக் கோப்பை, மேசை விளக்கு, அலாரக் கடிகாரம் மூன்றையும் மண்மேல் வைக்கக் குனிந்தாள். கடைசியாகத் தொட்ட பொருள் கல்லறைமேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர்கள் அதைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். காவலாள் தடுத்துவிட்டான். புல்வெட்டும் எந்திரத்தில் மாட்டுமாம். ஏர்லீன் அப்போதுதான் நிமிர்ந்து அம்மாவின் கல்லறையைப் பார்த்தாள். நீலக் கண்ணாடிக் கிண்ணம், சிப்பிகள், சிம்னி விளக்கு எதுவும் இல்லை. குப்பை என்று அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கோராவின் மூன்று பொருளையும் மடியில் வைத்துக்கொண்டே அவள் ஃபிலடெல்ஃபியா திரும்பினாள்.

இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால், "நான் மெதடிஸ்ட் சபை" என்பாள். ஆனால் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

"கவலைப்படாதே," என்றார் லூசியஸ், கிரீடத்தை எடுத்து வைப்பவர் போல. "ஆறாம் நாள் விருந்து எங்கேன்னு நினைக்கிறே? பெரிய வீட்டுக்குள்ளேயே. முன்கூடத்தில். வெளியாருக்கு அந்தக் கூடத்தைக் கொடுக்கிறதே இல்லை. எனக்குக் கொடுத்தார்கள். அங்கே நின்று நான் பேசப்போகிறேன்: 'மன்னிப்பும் முன்னேற்றமும்.'"

"யாரு யார மன்னிக்கிறது?" என்றான் வெண்டல்.

ஜனேல் தட்டுவதை நிறுத்தினாள். "மாமா, அந்தக் கூடத்தக் கேட்டு எங்க ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் பொண்ணுக்கே இல்லன்னுட்டாங்க. உங்களுக்கு எப்படி?"

"குரல், பெண்ணே. குரல்."

லூசியஸுக்கு இரண்டு குரல் உண்டு. ஒன்று அவர் அம்மா கொடுத்தது; அதை அவர் நாற்பது வருடமாக வெளியே எடுக்கவில்லை. மற்றது தொலைபேசிக் குரல். வெண்ணெயில் புரட்டி, பட்டில் சுற்றியது. அதைக் கேட்டவர்கள் மறுமுனையில் நீலக் கண்ணும் குதிரை லாயமும் இருப்பதாகச் சத்தியம் செய்வார்கள்.

"என்ன பேசுனீங்க? அப்படியே சொல்லுங்க."

"மேலாளர் மிஸ் ஆஷ்லின், 'நீங்க ராத்போன் குடும்பமா?'ன்னு கேட்டாள். 'ஆமாம் அம்மணி'ன்னேன். 'எங்க கர்னல் வழியா?'ன்னாள். 'எங்க கதை கர்னல்கிட்டேதான் தொடங்குது'ன்னேன். அழாத குறைதான் போ. 'டாக்டர் ராத்போன், நீங்க வீட்டுக்கு வர்றீங்க'ன்னாள்."

வெண்டல் கையிலிருந்த கோழிக்கால் தட்டில் விழுந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவன் குலுங்கிய குலுங்கலில் தேநீர்க் கோப்பைகள் ஆடின.

"ஐயோ சாமி... இவர... கர்னலோட பேரன்னு..."

லூசியஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. படித்தவர் அல்லவா, பல கதவுகளைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. தன் பட்டத்துக்கும் பேச்சுக்கும் கிடைத்த மரியாதை என்று சற்று முன்புவரை அளந்த அதே கூடம், ஏதோ ஒரு வெள்ளைக்காரனுக்காகத் திறந்து வைத்திருக்கிறது. அவர் அதுவரை போட்டிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"ரத்து பண்ணிடுவோம்," என்றார் தாழ்ந்த குரலில். "இப்பவே. போய் இறங்கினப்புறம் அவங்க முகத்தைப் பார்க்க முடியாது. நகரத்தில் ஒரு நல்ல ஓட்டல் பார்க்கலாம். கல்லறைக்கு இன்னொரு சமயம் முறைப்படி எழுதிக் கேட்டு..."

"நான் எழுதிக் கேட்டேன்," என்றாள் ஏர்லீன். "மூணு தடவ. காவலோட வரணும், கையில ஒண்ணும் கொண்டுவரக் கூடாதுன்னு பதில் வந்துச்சு. என்னப் பெத்தவளப் பாக்க நான் வெறுங்கையோட போகணுமாம்."

"அதுக்காகப் பொய் சொல்லிட்டு உள்ளே நுழையலாமா?"

"நீ எங்க பொய் சொன்னே? அவ கேட்டா, நீ சொன்னே. ஒன் வாயிலேருந்து சுத்தமான உண்மை வந்தது அது ஒண்ணுதான். அதையும் வாபஸ் வாங்கப் போறியா?"

லூசியஸ் எழுந்தார். தலைவர் பதவியை ராஜினாமா செய்வதாக அறிவித்தார். எவரும் தடுக்காததால், செய்யக்கூடும் என்று மாற்றினார். பிறகு, கௌரவமானவர்கள் செய்வது எதுவோ அதையே செய்வதாகச் சொல்லிவிட்டு, பண்ணைக்குத் தொலைபேசினார். ஜனேல் கையை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்திவிட்டாள்.

"டாக்டர் ராத்போன்!" மிஸ் ஆஷ்லின் குரலில் தேன் சொட்டியது. "இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம். கர்னல் படத்தைத் துடைச்சு மாட்டிட்டோம். சாவி வாசல்லயே இருக்கும். டிக்கெட்டு, காவல் எதுவும் உங்களுக்கு இல்ல. வாரம் பூரா, தோட்டம், ஆத்தங்கரை, எங்க வேணும்னாலும் போங்க. எப்படி வேணும்னாலும் அலங்காரம் பண்ணிக்குங்க. உங்க இடமாச்சே!"

லூசியஸ் தொண்டையைச் செருமினார். "மிஸ் ஆஷ்லின், ஒரு சிறு தெளிவின்மை ஏற்பட்டிருப்பதாக..."

ஏர்லீன் மேசையைச் சுற்றி வந்து, அவர் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். பிடுங்கவில்லை. குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல வாங்கினாள்.

"கண்ணு, நான் ஏர்லீன் ராத்போன் பேசுறேன். போன பிப்ரவரியில ஒங்க ஆளு வண்டிய உறுமவிட்டுக்கிட்டு நிக்கையில, என் தங்கச்சியப் பொதைச்சேனே, அந்த ஏர்லீன்."

மறுமுனையில் தேன் உறைந்தது.

"நீங்க... அந்தப் பின்பக்கத்துக் குடும்பமா?"

"முன்பக்கமும் நாங்கதான். கூடத்துச் சுவத்துல செங்கல் தெரியுதே, அதச் சுட்டது எங்க ஆளுங்க. அதுல பிள்ளைங்க வெரல் பதிஞ்சிருக்கு. போய் ஒன் வெரல வச்சுப் பாரு, பொருந்துதான்னு."

"மேடம், எங்கயோ தப்பு நடந்திருக்கு. டாக்டர் ராத்போன் கர்னல் வழின்னு சொன்னதால..."

"எங்க பாட்டனோட ஆத்தா கல்லறைக்குள்ள இருக்கா. அவளோட வெளுத்த நெறத்த நீ பாத்திருந்தா இந்தக் கேள்விக்குக் கர்னல்தான் பதில் சொல்லணும்னு தெரிஞ்சிருக்கும்."

வெண்டல் சிரிப்பை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜனேலின் விரல்கள் தட்டாமல் அந்தரத்தில் நின்றன.

"விதிகள்னு சில இருக்கு மேடம். கல்லறைமேல பொருள் எதுவும்..."

"அலங்காரம் பண்ணிக்கன்னு இப்பத்தான் சொன்னே. நாலு பேரு கேட்டோம். கல்யாணத்துக்கு மரம் பூரா கண்ணாடி விளக்குத் தொங்கவிடுறீங்க, அதுல எந்த எந்திரமும் மாட்டல. நாங்க விளக்கு வைப்போம். கோப்பை வைப்போம். எங்கம்மா கிண்ணத்த நீங்க எடுத்தீங்க, அதுக்குப் பதிலா வேற கிண்ணம் வைப்போம். ஏழு நாளும் வருவோம். ஏழாம் நாளு போயிடுவோம், வச்சது அங்கயே இருக்கும். அடுத்த வருஷம் பாக்க வருவேன்."

"நான் டாக்டர் ராத்போன்கிட்டயே பேசிக்கிறேனே, ப்ளீஸ்? அவரு புரிஞ்சுக்குவாரு."

எல்லோரும் லூசியஸைப் பார்த்தார்கள். ஏர்லீன் தொலைபேசியை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாய் திறந்தார். பழக்கத்தில் உதடுகள் பட்டுக் குரலுக்காகக் குவிந்தன. குவிந்தபடியே சற்று நின்றன.

"இந்தா பாரு தங்கச்சி," என்றார் கடைசியில். சதுப்பு நிலத்துப் பேச்சு, இழுவையோடும் சேற்றோடும் வந்தது. வெண்டலுக்கு ஒரு கணம் செத்துப்போன சித்தியே, லூசியஸின் அம்மாவே, அறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. "எங்கக்கா சொன்னா சொன்னதுதேன். குடுத்த வாக்க மாத்துனீங்கன்னா, ஏன் மாத்துனீங்கன்னு ஊரு பூரா பத்திரிகைக்காரங்ககிட்ட நானே சொல்லுவேன். நல்லா, நீட்டி முழக்கிச் சொல்லுவேன். பேசுறதுதேன் எனக்குத் தொழிலு."

மிஸ் ஆஷ்லின் முதலாளியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். காத்திருப்பவர்களுக்காக ஒரு வயலின் ஒலித்தது. ஏர்லீன் தொலைபேசியை மேசை நடுவில், சோற்றுப் பாத்திரத்துக்கும் ஊறுகாய்க்கும் இடையே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தட்டு, ஜனேல். முதல் நாள் கல்லறை."

"ரெண்டாம் நாள், பெரியம்மா?"

"கல்லறை. காலையில. அப்புறம் ஒங்க மாமன் குதிரை வண்டியில போகட்டும், நான் ஒண்ணும் சொல்லல."

"அம்மாவோட கோப்பைய நான் வைக்கவா?" ஜனேல் கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

"நீதான் வைக்கணும். அடியில ஒரு தட்டுத் தட்டி விரிசல் விட்டுட்டு வை. அப்பத்தான் சாவு அவளோட நிக்கும், அடுத்த ஆளத் தேடாது."

"யாரு இங்க மெதடிஸ்ட்டு?" என்றான் வெண்டல்.

"வாய மூடு. மூணாம் நாளுக்கு வா."

ஐந்தாம் நாளுக்கு வந்தபோது வயலின் அறுந்தது. மிஸ் ஆஷ்லின் திரும்பியிருந்தாள். இப்போது குரலில் தேனும் இல்லை, பனியும் இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவளின் களைப்பு மட்டும் இருந்தது. முதலாளி ஒத்துக்கொண்டாராம். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வது என்பது போல ஒரு பெருமூச்சும் கேட்டது.

"விருந்துக்கு எத்தனை நாற்காலி போடணும் மேடம்? மொத்தம் எத்தனை பேர் வருவீங்க?"

"வர்றவங்களுக்கு மட்டும் போடு," என்றாள் ஏர்லீன். "பாதிப்பேரு ஏற்கெனவே அங்கதான் இருக்கோம்."