ஒரு மூடி மருந்து

வண்டி அவள் பெயரில் இருந்தது. அதனால் அவர் அவளை ஓனரம்மா என்று கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டதால் அவள் அவரை டிரைவர் என்றாள். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்த பெயர்கள், முப்பது வருஷத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவதுதான் இருவருக்கும் தொழில். ஊரில் பாதிப் பேர் அந்த டீசல் பிக்கப்பில் கட்டிலையும் பீரோவையும் ஏற்றியவர்கள். அந்தப் பாதிப் பேரில் ஒருவருக்காவது இவர்களுடைய சொந்தப் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்.

அந்தக் காலத்து டிரைவரைப் பார்த்திருக்க வேண்டும். வாசற்படியில் இடுப்பில் கைவைத்து நின்று பீரோவை ஒரு தடவை பார்ப்பார், மாடிப்படியை ஒரு தடவை பார்ப்பார். "நிமிர்த்தினா போகாது. தலைப்பக்கம் கீழ வர்ற மாதிரி சாய்ச்சா போகும்" என்பார். போகும். அளவு நாடாவைக் கையால் தொட்டவரில்லை. கண்ணாடிச் சாமான்களை இரண்டு மெத்தைகளுக்கு நடுவே தூங்கவைத்துக் கொண்டுபோவார். மேட்டில் கியர் மாற்றும்போது பின்னால் ஒரு டம்ளர் கூட முனகாது. ஓனரம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மடியில் அந்த வீட்டுக் கடிகாரத்தையோ மீன்தொட்டியையோ வைத்துக்கொண்டு, அவர் பேசுவதைக் கேட்டபடி வருவாள். அவருக்குப் பேச விஷயமே வேண்டாம். அவளுக்கும் அந்தப் பேச்சு அலுத்ததே கிடையாது.

மருந்து வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். தொழில் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியின் சாமான்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனார்கள். பாதி மேட்டில் வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஃபில்டருக்குள் டீசல் ஆறிப்போன நெய் மாதிரி உறைந்து கிடக்கிறது. வெயில் ஏறி அது இளகுகிற வரைக்கும் மூன்று மணி நேரம். புது ஜோடிக்கு அது கொண்டாட்டமாகப் போய்விட்டது. மூட்டையைப் பிரித்துத் தங்கள் மெத்தையையே விரித்து, போர்வைக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்கோ மானம் போயிற்று. மறுநாளே கடைக்குப் போய், குளிரில் டீசல் உறையாமலும் இன்ஜெக்டர் அடைக்காமலும் இருக்க டேங்கில் கலக்கிற திரவம் ஒரு பாட்டில் வாங்கிவந்தார். கடைக்காரர் அதற்கு ஏதோ பெரிய பெயர் சொன்னார். டிரைவர் அதற்கு மருந்து என்று பெயர் வைத்தார்.

அன்றிலிருந்து ஒரு சட்டம். பெட்ரோல் பங்கில் டீசல் பிடிப்பதற்கு முன்னால் ஒரு மூடி மருந்து உள்ளே போக வேண்டும். மேலே டீசல் விழுகிற வேகத்தில் அது தானாகக் கலந்துவிடும். குழந்தைக்கு டானிக் கொடுக்கிறவர் மாதிரி மூடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கோடு வரைக்கும் நிரப்பி, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவார்.

"நல்ல வெயில் காலத்துல எதுக்குங்க இது?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"நடுவுல விட்டா மறந்துடும், ஓனரம்மா. பழக்கம் முக்கியம்."

முப்பது குளிர்காலம் அந்த வண்டி வழியில் நிற்கவில்லை. மற்ற வண்டிக்காரர்கள் காலையில் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கையைப் பிசையும்போது, டிரைவர் ஒரே சாவியில் கிளப்பி, வேண்டுமென்றே இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போவார். அந்தத் திமிர் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகுதான் மறதி வந்தது. முதலில் சாவி வைத்த இடம், அப்புறம் சாப்பிட்டோமா இல்லையா என்பது, அப்புறம் தெருத் திருப்பம். இருபது வருஷத்துக்கு முன்னால் சாமான் இறக்கிய வீட்டின் படி எத்தனை என்று கேட்டால் சொல்வார். காலையில் என்ன நடந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். டாக்டர் இனி ஓட்டக்கூடாது என்றார்.  டிரைவர் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, வண்டியைச் சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுத அழுகை அவருக்குக் கேட்டிருக்காது.

ஸ்டீயரிங் போயிற்று. மருந்து மட்டும் அவரிடம் இருந்தது. வண்டியில் அவருக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்; அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். அளவுக்கு மீறியே பார்த்துக்கொண்டார். ஊற்றியதை மறந்து மறுபடி ஊற்றினார். வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போது டேங்க் மூடியைத் திறந்து ஊற்றினார். மூன்று மாதம் வருகிற பாட்டில் ஒன்பது நாளில் காலியானது. வண்டி தாறுமாறாக உறுமிப் புகை கக்க, அவள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள்.

மெக்கானிக் டேங்கில் விரலை நனைத்து மோந்து பார்த்தார். "என்னக்கா, டீசல்ல மருந்து கலக்கச் சொன்னா, மருந்துல டீசல் கலந்திருக்கீங்க? இப்படியே போனா பம்ப்பு, இன்ஜெக்டர் எல்லாம் கோவிந்தா. பாட்டிலை அவர் கண்ணுல காட்டாதீங்க."

காட்டாமல் எப்படி இருப்பது? யோசித்து யோசித்து அவள் ஒரு வேலை செய்தாள். புதிதாக வாங்கிய மருந்தை ஊறுகாய் ஜாடி ஒன்றில் மாற்றி அலமாரியின் பின்வரிசையில் வைத்தாள். காலி பாட்டிலில் வெறும் டீசலை நிரப்பினாள். வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று பாட்டிலின் வாயில் மருந்தை ஒரு சொட்டு தடவினாள். அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்றட்டும். டீசலில் டீசல்தானே விழுகிறது. பங்குக்குப் போகிற நாளில் ஒரு சின்னக் குப்பியில் உண்மையான மருந்தை எடுத்துக்கொள்வாள். அவர் ஊற்றி முடித்து, முன்கண்ணாடி துடைக்கப் போகும் நேரத்தில் டேங்கில் கவிழ்த்துவிடுவாள். முப்பது வருஷத்தில் அவரிடம் அவள் செய்த முதல் திருட்டுத்தனம். 

அப்படியே மூன்று மாதம் ஓடியது. அதற்குள் மகள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வீடு வாங்கினாள். சாமான்களுக்குப் பெரிய கம்பெனி லாரி பேசப் போகிறேன் என்றாள். டிரைவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் ஏத்துனேன். என் பொண்ணு வீட்டுக்கு எவனோ ஏத்துவானா?"

மகள் கடைசியில் ஒத்துக்கொண்டாள், ஆனால் அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்: "இதுதான் கடைசி சோதனை. வழியில அப்பாவால ஒரு சின்ன தப்பு நடந்தாலும் வண்டியை வித்துடணும். உனக்கும் வயசாகுது. ஏதாவது ஆச்சுன்னா நான் எங்க போவேன்?" மகளின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஓனரம்மா சரி என்றாள். மனுஷர் வண்டியை விட்டு இறங்கினால் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

புறப்படுகிற காலை நல்ல குளிர். முன்கண்ணாடியில் பனி படிந்திருந்தது. பங்கில் டிரைவர் சட்டப்படி மூடியைத் தூக்கிப் பிடித்து, அளந்து, ஊற்றினார். ஊற்றிவிட்டு கண்ணாடி துடைக்கப் போனார். சரியாக அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது. அப்பா நன்றாக இருக்கிறாரா, ஸ்வெட்டர் போட்டாரா, மாத்திரை போட்டாரா. பதில் சொல்லி முடிப்பதற்குள் பங்குப் பையன் டேங்க்கை நிரப்பி மூடியே போட்டுவிட்டான். ஓனரம்மா போனைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

பாதி மேட்டில் வண்டி இருமியது. திணறியது. நின்றது.

இருமியபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். குப்பியே அங்கே இல்லை. பங்கில் ஊற்றாதது இருக்கட்டும், ஜாடியிலிருந்து எடுத்துக்கொள்ளவே மறந்திருக்கிறாள். 

டிரைவர் இறங்கிப் பானட்டைத் திறந்தார். இதெல்லாம் அவருக்கு மறக்கவில்லை. ஃபில்டரைச் சுற்றித் துணியைக் கட்டி, பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் விட்டார். ஆவி பறக்க, தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"ஓனரம்மா."

"சொல்லுங்க."

"நான் மருந்து ஊத்தலை."

அவள் பையின் வாயை இழுத்து மூடினாள்.

"ஊத்தின மாதிரிதான் இருக்கு. மூடியைத் தூக்கிப் பாத்தது கூட கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா ஊத்தியிருந்தா நிக்காது. முப்பது வருஷம் நிக்கலையே. அப்போ நான் ஊத்தலை. ஊத்தினதா நினைச்சுக்கிட்டிருக்கேன்." துணியைப் பிழிந்தார். "வீடு போய்ச் சேர்ந்ததும் பாப்பாகிட்ட சொல்லிடு. வண்டியை வித்துடலாம். இதுகூட முடியலைன்னா நான் எதுக்கு முன்சீட்டுல?"

சும்மா இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மகள் நிம்மதியாகத் தூங்குவாள். மேட்டில் கியர் மாற்றி மாற்றித் தோள் வலிக்கிற இவளுக்கும் ஓய்வு கிடைக்கும். பாட்டில் மாற்றிய குட்டும் வெளிப்படாது. தன் குணத்தில் இவ்வளவு கள்ளம் இருக்கிறதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் ஒரு நிமிஷம் நிஜமாகவே சும்மா இருந்தாள்.

"நீங்க ஊத்தினீங்க" என்றாள்.

"சமாதானம் சொல்லாதே."

"சமாதானம் இல்லீங்க. நீங்க ஊத்தினீங்க, நான் பாத்தேன். அந்தப் பாட்டில்ல இருக்கிறது வெறும் டீசல். நான்தான் மாத்தி வெச்சேன், மூணு மாசமா. நீங்க திரும்பத் திரும்ப ஊத்தி வண்டி கெட்டுப்போச்சு. உங்ககிட்ட சொல்ல மனசு வரலை. நிஜ மருந்தை உங்களுக்குத் தெரியாம நான் ஊத்திக்கிட்டிருந்தேன். இன்னைக்கு நான் மறந்துட்டேன்."

டிரைவர் நிமிர்ந்தார். அவருடைய கோபம் அவளுக்குத் தெரியும். புருவம் ஏறி, மூக்கு விடைக்கும். இரண்டும் நடந்தது.

"என்னை ஏமாத்தினியா? கிழவனுக்கு டீசலைக் கொடுத்து விளையாடச் சொன்னியா?"

"ஆமா. தப்புதான்."

அவர் சாலையின் ஓரம் வரைக்கும் நடந்துபோனார். பள்ளத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் பயந்து பின்னாலேயே போனாள். திரும்பியபோது அவர் முகத்தில் கோபம் இல்லை.

"இரு, இரு. அப்போ நான் ஊத்தினேன்?"

"ஊத்தினீங்க. கோடு வரைக்கும், சிந்தாம."

"நான் மறக்கலை?"

"மறந்தது நான்."

டிரைவர் சிரித்தார். காலையில் பானட்டைத் திறந்து நிற்கிற வண்டிகளைத் தாண்டி ஹாரன் அடித்துப் போவாரே, அந்தச் சிரிப்பு. எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து! "என்ன ஓனரம்மா, இந்த வயசுலயே மறதியா?" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வெயில் ஏறியது. டீசல் இளகியது. வண்டி நாலாவது சாவியில் கிளம்பியது. மூன்று திருப்பம் தாண்டியிருப்பார்கள். டிரைவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"வண்டி ஏன் நின்னுச்சு?" அவர் முகம் மெல்ல வாடியது. "நான் மருந்து ஊத்தலையோ?"

ஓனரம்மா சாலையைப் பார்த்தபடியே முதலிலிருந்து சொன்னாள். பாட்டில், டீசல், குப்பி, மறதி எல்லாம். மறுபடி புருவம் ஏறியது, மூக்கு விடைத்தது. மறுபடி, "இரு, இரு. அப்போ நான் மறக்கலையா?" மறுபடி அதே சிரிப்பு. கொஞ்சமும் குறையாமல், முதல் தடவை கேட்கிற மாதிரி. முதல் தடவைதானே அவருக்கு.

மகள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறு தடவை சொல்லியிருந்தாள்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று மகள் ஓடிவந்தாள்.

டிரைவர் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "வழியில நின்னுடுச்சு, பாப்பா. நான் மருந்து ஊத்த மறந்துட்டேன் போல."

மகள் அம்மாவைப் பார்த்தாள். நிபந்தனை அந்தப் பார்வையில் இருந்தது.

"அவர் மறக்கலைடி" என்றாள் ஓனரம்மா.  கையும் களவுமாகப் பிடிபட்டவள் பூசி மெழுகாமல் சொல்கிற மாதிரி, தெரு கேட்கச் சொன்னாள். "நான் அவரை ஏமாத்தினேன். பாட்டில்ல டீசலை மாத்தி வெச்சேன். நிஜ மருந்தை ஊத்த வேண்டியவ நான், இன்னைக்கு மறந்துட்டேன். அப்பா அவர் வேலையைச் சரியாத்தான் செஞ்சார். தப்பு நடந்தா விக்கணும்னு சொன்னே, அது அப்பாவோட தப்புக்குத்தான். என் தப்புக்கு இல்லை."

 டிரைவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா, பாப்பா? நான் மறக்கலையாம். உங்கம்மாதான் மறந்துட்டாளாம்."

"கேட்டேன்ப்பா" என்றாள் மகள். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விற்பதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

டிரைவர் வாசற்படியில் இடுப்பில் கைவைத்து நின்று மாடிப்படியை அளக்க ஆரம்பித்தார். ஓனரம்மா கயிற்றை அவிழ்த்தாள். திரும்பிப் போகிற வழியில் இன்னும் நாலைந்து தடவையாவது கேட்பார், சொல்ல வேண்டியிருக்கும். கேட்கட்டும். கேட்பதற்கும் மறந்துபோகிற ஒரு நாள் வருமே, அதை நினைத்தால்தான் அவளுக்குக் கை ஓடவில்லை.