அறுபத்தெட்டைக் கழித்தால்

மகள் நிலூவின் நிறை ஐந்து கிலோ. மூன்று மாதங்களுக்கு முன் ஆறரை. இதை நான்தான் தொலைபேசியில் றோஸி அக்காவுக்குச் சொன்னேன். அவர் என் மனைவி ரொஷேலின் தமக்கை. கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்.

"அப்ப பிள்ளையை நான் கொண்டுபோறன் தம்பி. நாளைக்கு வாறன். உடுப்புகளை எடுத்து வையுங்க."

நான் எடுத்து வைக்கவில்லை.

ரொஷேல் ஜூன் மழையில் இறந்தாள். டெங்கு. நிலூவுக்கு அப்போது நான்கு மாதம். அதன் பிறகு மருந்து வாசனை வரும் எந்த இடத்துக்கும் என்னால் போக முடியவில்லை. நிலூவைக் கிளினிக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டிலேயே நிறுத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுவேன். ஊசி காட்டுவதில் என் நிறையான அறுபத்தெட்டைக் கழித்தால் மிச்சம் நிலூ.

இது ரொஷேல் தொடங்கிய முறை. அவள் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்தாள். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் நிலத்தடியில் நடக்கும் துகள் மோதல்களின் தரவுகளை, வெள்ளவத்தை ஃபிளாட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து ஆராய்ந்தாள். அவளுடைய துகளுக்கு டொப் குவார்க் என்று பெயர். ஏறக்குறைய ஒரு தங்க அணுவின் பாரம் என்பாள்.

"அதை எப்பிடி நிறுக்கிறது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நிறுக்க ஏலாது. பிறந்த உடனேயே செத்துப்போயிடும். சிதறினதுகளைக் கூட்டித்தான் பார்க்கிறது. ஆனா அதைக் காணுறதுக்கு முதலே திணிவு இவ்வளவாத்தான் இருக்கும் எண்டு சொல்லிப்போட்டாங்க, தெரியுமா?"

"காணாமலே?"

"மற்றத் துகள்களைப் பார்த்து. அதுகள் கணக்கில இருந்து கொஞ்சம் விலகி நிண்டது. பாரமான ஆள் ஒண்டு இருந்தாத்தான் அந்த விலகல் வரும்."

மடியில் நிலூ நெளிந்தாள்.

"இவவும் அப்பிடித்தான். தனிய நிறுக்க விடமாட்டா. உங்களோட சேர்த்து நிறுத்துப்போட்டு உங்களைக் கழிப்பம். நீங்க அறுபத்தெட்டு. கலியாணம் கட்டின நாளில இருந்து அறுபத்தெட்டு. எதைச் சமைச்சுப் போட்டாலும் அறுபத்தெட்டு. பௌதிகத்தில இதுக்கு மாறிலி எண்டு பேர்."

"வீட்டில?"

"மரக்கட்டை."

அக்கா மறுநாள் காலை பெரிய வெறும் பையுடன் வந்தார். செருப்பைக் கழற்றியதும் நிலூவைத் தூக்கினார். தொடையைக் கிள்ளிப் பார்த்தார்.

"இது இளைச்ச பிள்ளையா தம்பி?"

"தராசு அப்பிடித்தான் காட்டுது."

"தராசுக்குக் கண் இருக்கா?"

"நீங்களே பாருங்க."

நான் பிழையாக வாசித்திருக்க வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன். குழந்தையை வாங்கிக்கொண்டு ஏறினேன். கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போனது. ஊசி நடுங்கியது. அது போய் முடியும்வரை நின்றோம்.

எழுபத்துமூன்று.

"அறுபத்தெட்டைக் கழியுங்க அக்கா."

அவர் விரல்மடித்துக் கழித்தார். முகம் மாறியது.

"போதும் தம்பி. தாங்க பிள்ளையை. உங்களில பிழை சொல்லேல்ல. தாங்க."

நிலூ என் சட்டைக் கொலரைப் பிடித்திருந்தாள். விரல்களைக் கழற்றினேன். கொடுத்தேன். அவள் வீரிட்டாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன்.

ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அறுபத்தைந்தரைக்குப் போய் நின்றது.

நான் இறங்கவில்லை. அக்கா குழந்தையுடன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நீங்க எவ்வளவு எண்டு சொன்னீங்க?"

"அறுபத்தெட்டு."

"ஆர் சொன்னது?"

"ரொஷேல்."

அக்கா கதவு நிலையில் சாய்ந்தார். மீண்டும் விரல்களை மடித்தார்.

"அப்ப இவ ஏழரை."

"ஓம்."

"இளைச்சது இவவில்ல."

நான் மறுபடி ஊசியைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் கம்பஸில படிச்ச ஆக்கள்! மூண்டு மாசமா உங்களை ஒருக்காத் தனிய நிறுத்துப் பார்க்கேல்லையா? விசரா உங்களுக்கு?" சிரிப்பதுபோலத் தொடங்கினார். பிறகு நிலூவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நிலூ அழுகையை விட்டுவிட்டு அக்காவின் தோட்டைப் பிடித்து இழுத்தாள்.

தனியே நிறுக்க எனக்குத் தோன்றவே இல்லை. என் நிறை என்னவென்று ரொஷேல் சொல்லியிருந்தாள்.

இரண்டரைக் கிலோ விலகல். அவளாக இருந்தால் பார்த்ததுமே விளங்கியிருக்கும்.

அக்கா முகத்தைத் துடைத்தார். "பிள்ளை இங்கயே இருக்கட்டும். ஆனா இந்தக் கிழமையே கிளினிக்குக் கொண்டுபோறம். நானும் வாறன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ரெண்டு பேரும் சாப்பிட வீட்டுக்கு வரவேணும். சாக்குப்போக்குச் சொன்னா இந்தப் பையில உங்களைத்தான் போட்டுக் கொண்டுபோவன்."

"வாறம் அக்கா."

"பிடியுங்க."

நிலூ என் கைக்கு வந்தாள். பழையபடி கொலரைப் பிடித்தாள். காலடியில் ஊசி எழுபத்துமூன்றுக்கு ஏறியது. அக்கா வெறும் பையை மடித்துக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனார். பானையைத் திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது.

இனி அறுபத்தைந்தரையைக் கழிக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அறுபத்தெட்டு என்றுதான் வந்தது.