பொம்பர் இல்லாத படம்

ரீவியில் ஓடிய படத்தில் குண்டு விழத் தொடங்கியதும் என் புருஷன் பேனாட்டும் அவரைப் பார்க்க வந்திருந்த சவிரிமுத்து அண்ணையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பொரித்த கட்லற் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். பாரிசின் லா சப்பலில், குசினியை விட்டால் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. எங்கே நின்றாலும் படத்துக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

அமெரிக்காக்காரன் உலக யுத்தம் நடக்கும்போதே சில்லறைக் காசில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பேசியதெல்லாம் பிரெஞ்சு. நான் வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகிறது. பேனாட் எண்பத்து மூன்றிலேயே வந்தவர், ஆகையால் எல்லாம் தெரிந்தவர். ஒற்றன் ஒருத்தன் ஒரு குடும்பத்தோடு நிலவறையில் ஒளிந்திருக்கிறானாம், மேலே விமானம் குண்டு போடுகிறதாம். ஆனால் விமானத்தைக் காட்டவே இல்லை. இரைச்சல் கேட்டது, விளக்கு ஆடியது, கூரையிலிருந்து மண் கொட்டியது.

"பிளேன் காட்டக் காசில்லைப்போல," என்றார் பேனாட். "லைற்றை ஆட்டியே சண்டையை முடிக்கிறாங்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் ஊரில் எங்கள் வீட்டுப் பங்கருக்குள் பதுங்கியிருந்து நாங்கள் கண்டதும் அவ்வளவுதான். குண்டு போட்ட பொம்பரை ஒருத்தரும் காணவில்லை. சத்தம் ஓய்ந்ததும் உலையை இறக்கிவிட்டு வருகிறேன் என்று என் தங்கை மேலே ஏறினாள். இரைச்சல் திரும்பி வந்தது, அவள் வரவில்லை. இதைச் சொல்ல வாயெடுத்தால், இஞ்சை வந்தாச்சுதானே, இனி ஏன் அதெல்லாம் என்று பேனாட் அடக்கிவிடுவார். ஊரில் எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றே சிநேகிதர்களிடமும் சொல்லி வைத்திருந்தார். அழுவதற்கு அவ்வளவு பயம் அந்த மனுஷனுக்கு.

அவர்கள் மறுபடி சிரித்தபோது நான் தட்டை அவர்களுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய் ரீவிச் சத்தத்தை முற்றாகக் குறைத்தேன்.

"இம்மாகுலேற், நீர் தள்ளி நில்லும்," என்றார் பேனாட்.

"தள்ளேலாது. பொம்பர் எண்டால் அப்பிடித்தான். உள்ளுக்கை இருக்கிறவைக்கு லைற் ஆடுறதுதான் தெரியும். என்ரை தங்கச்சி பங்கராலை வெளிக்கிட்டுத்தான் செத்தவள்."

பேனாட் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா? அவர் எழுந்து வந்து சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பக் கை நீட்டினார். நான் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

சவிரிமுத்து அண்ணை வாயிலிருந்ததை விழுங்கினார். இதைப் பற்றிப் பேனாட் தன்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று அவர் முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சியின்ரை பேரென்ன, பிள்ளை?"

"மரியமலர்."

பாரிசில் அந்தப் பெயரை நான் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் யார், என்னோடு எப்படிச் சண்டை பிடிப்பாள், எதற்குச் சிரிப்பாள் என்று சொல்லத் தொடங்கினேன். பேனாட்டின் கை என் கைக்கு மேலேயே கிடந்தது. திருப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மற்றக் கையால் கண்ணைத் துடைத்தார். நான் நிறுத்தவில்லை.