இரண்டு வருடத்துக்கு ஒருமுறை

...அப்படியென்றால் போன வருடமே மாற்றியிருக்க வேண்டும், இல்லை, அதற்கும் முந்தின வருடம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று மெக்கானிக் ராஜவேல் படித்துப் படித்துச் சொன்னானே, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டை மொத்தமாக வடித்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும் என்று, தமிழ்மாறன்தான் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, பச்சைப் பசேலென்றுதானே இருக்கிறது, இதைப் போய் எவனாவது கீழே கொட்டுவானா என்று சிரித்துவிட்டு வந்தான்... சிரிப்பு! இப்போது சிரி பார்ப்போம். பேரளி தாண்டி, பெரம்பலூர் போகும் சாலையோரத்தில் கார் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து புஸ்புஸ்ஸென்று ஆவி வர, சூடு காட்டும் ஊசி சிவப்புக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டு நிற்க, எத்தனை நாள் கிடந்தது, மனைவி சுமதிக்கு இடமாறுதல் கலந்தாய்வு இருக்கிற இன்றைக்குத்தானா இது கொதிக்க வேண்டும்?

சுமதி இறங்கிப் புளியமர நிழலில் நிற்கிறாள், கைப்பையை அணைத்துக்கொண்டு. அவளுக்குக் கூடலூர் மலையில் நர்ஸ் வேலை, கல்யாணமான மறுமாதமே போனவள், அவன் அரியலூரில் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் ஷிப்டாகத் தூசி தின்றுகொண்டு, மாதத்துக்கு ஒருமுறை முகம் பார்த்து, மற்ற நாளெல்லாம் போனில் 'சாப்டியா, சாப்டேன்'... இந்த வருடம் அரியலூரிலேயே ஓர் இடம் காலி, ஒன்றே ஒன்று. பெரம்பலூரில் பெயரைக் கூப்பிடும்போது அவள் இருந்தால் அது அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்து நிற்கிறவளுக்கு. போன முறை எவளோ தட்டிக்கொண்டு போனபோது சுமதி போனில் அழுத அழுகை... அழுதாள்தானே? இல்லை, அது அதற்கு முந்தின முறை. போன முறை 'சரி விடுங்க' என்றாள், அவ்வளவுதான், அதை அப்போது அவன் பொறுமை என்று நினைத்தான்.

ராஜவேலுக்குப் போன் போட்டான். "அண்ணே, மூடியில கை வச்சிறாதீங்க, கொதிக்கிறது மூஞ்சியில அடிச்சிரும், நல்லா ஆறட்டும். ஆமா, நடுவுல என்ன ஊத்துனீங்க?" தண்ணிதான்டா, குறையக் குறைய ஊற்றினேன் என்றான் இவன். "எந்தத் தண்ணி?" எந்தத் தண்ணீரா, வீட்டு போர் தண்ணீர்... சொல்லும்போதே உறைத்தது. "நம்மூரு போர் தண்ணியவா ஊத்துனீங்க? போச்சு போங்க!" எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல், அதை அரைக்கிற ஆலையில்தான் அவனுக்குச் சோறே, வெந்நீர் அண்டாவின் அடியில் விரல் கனத்துக்கு வெள்ளையாகப் படிவதை லீவு நாளில் கரண்டி வைத்துச் சுரண்டுகிறவனும் அவன்தான், அதே குழாயில் அதே தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறான், அங்கேயும் இண்டு இடுக்கெல்லாம் படியாதா, அறிவு கெட்டவனே, ஊசி இறங்கினால் போதும் என்று இருந்துவிட்டாயே... ஏதோ ஒன்று குறைந்தால் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் ஊற்றிச் சமாளித்துவிடுவது, அதுதான் அவன் புத்தி, எல்லாவற்றிலும் அதே புத்தி. திருமழபாடி ஈசுவரா, இந்த ஒரு தடவை ஆறவை, இந்த ஒரு தடவை ஓடவை, நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.

ஈரத்துணியை ரேடியேட்டர் மேல் ஒற்றினான், சுரீரென்றது, கையை உதறினான். என்னாச்சுங்க என்று அவள் கேட்கவில்லை. நேரமாச்சே என்று கூடக் கேட்கவில்லையே, கத்தலாம், திட்டலாம், உங்களை நம்பி வந்தேனே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம், அவனுக்கே அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, அவளுக்கு மட்டும் எப்படி... அப்போதுதான் அரியலூர்ப் பக்கமிருந்து பஸ் வந்தது, பெரம்பலூர் என்று நெற்றியில் பெரிதாக எழுதிக்கொண்டு, காலியாக. ஏறினால் போய்விடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, கடவுளே, இருக்கிறது! பஸ் அவளைப் பார்த்து வேகத்தைக்கூடக் குறைத்தது. அவன் பார்த்தது பஸ்ஸை இல்லை, அவள் கையை. அந்தக் கை எழும், இதோ எழுந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துத் தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

"ஏன் கை காட்டல நீ?" அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "பெரம்பலூர் பஸ்ஸு சுமதி, ஏன் கை காட்டல?"

"நீங்க காட்டுவீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் சுமதி.

வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வந்தான், அது பொய், கையில் ஈரத்துணிதானே இருந்தது, அதை ஆட்டியிருந்தாலே நின்றிருக்கும், ஒரு கூப்பாடு போட்டிருந்தால்... ஏன் போடவில்லை? அவளுக்கு அரியலூருக்கு வர விருப்பமா என்று தெரிந்துகொள்ளவா, அல்லது அவனுக்கே... அவனுக்கே என்ன? துணியிலிருந்து தண்ணீர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் எப்போது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.