தரம் பார்த்த கமிட்டி

மருத்துவக் கல்லூரியில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் கமிட்டியில் உப்பள முதலாளி தெய்வசிகாமணியைப் போட்டபோது, மரக்காணமே மாலை வாங்க ஓடியது. கமிட்டியில் ஒரு டாக்டர், ஒரு ஓய்வுபெற்ற ஜட்ஜ், மூன்றாவதாக ஒரு 'கல்வி ஆர்வலர்'. முதலாளி எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். ஆர்வத்தை மட்டும் நிறுத்தவில்லை.

பாராட்டு விழாவில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். "மார்க்கை எவன் வேணும்னாலும் மனப்பாடம் பண்ணி வாங்கிடலாங்க. ஆளுகிட்ட தரம் இருக்குதான்னு பார்க்கணும். அதுக்குத்தான் இன்டர்வியூவுக்கு எழுபத்தஞ்சு மார்க்கு. அதைப் போடறதுக்குக் கண்ணு வேணும்."

கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று கை தட்டியவர்களில் சடையப்பனும் ஒருவன். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய பாத்திகளில் உப்பு வாருகிறவன். அவன் மகள் ஆண்டாள் அந்த எழுபத்து நாலாம் வருஷம் பி.யு.சி.யில் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு, டாக்டர் சீட்டு கிடைத்த மாதிரிதான் என்று கல்லூரி வாத்தியாரே சொல்லியிருந்தார். இன்டர்வியூ ஒன்றுதான் பாக்கி. அங்கேயும் நம்ம முதலாளியே உட்கார்ந்திருக்கும்போது என்ன பயம்?

பட்டணத்துக்கு பஸ் ஏறுமுன் மகளுக்கு அவன் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்.

"மொதலாளி எதிர்ல உக்காந்துடாதம்மா. நம்ம வூட்டுல யாரும் உக்காந்ததில்ல. மரியாதையா நடந்துக்கினா அவரு பார்த்துக்குவாரு."

பட்டியலில் ஆண்டாள் பெயர் இல்லை. இன்டர்வியூவில் எழுபத்தைந்துக்கு ஆறு.

"அப்படி என்னம்மா கேட்டாங்க?"

"என்னென்னமோ கேட்டாங்கப்பா. எனக்குத்தான் பதில் வரல."

சடையப்பனால் நம்ப முடியவில்லை. மறுநாள் காலை முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றான். ஈஸிசேரில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த முதலாளி அவனைப் பார்த்ததும் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

"கெட்டிக்காரப் பொண்ணுடா. கேட்டதுக்கெல்லாம் டாண் டாண்ணு சொல்லிச்சு. டாக்டரே அசந்துட்டாரு."

"அப்புறம் ஏன் மொதலாளி?"

"உக்காரும்மான்னாரு ஜட்ஜு. உக்காரல. டாக்டரும் சொல்லிப் பார்த்தாரு. என் மூஞ்சியப் பார்த்துச்சு, கையக் கட்டிக்கினு நின்னுச்சு. இருபது நிமிஷம்! நாற்காலியில உக்காரவே தைரியமில்லாத பொண்ணு நாளைக்கு எப்படிடா ஆபரேஷன் பண்ணும்? 'தன்னம்பிக்கை இல்லை'ன்னு எழுதிட்டோம். தரம்னா தரம்தானே."

"நீங்க ஒரு வார்த்தை உக்காருன்னு சொல்லியிருந்தா உக்காந்திருக்குமே, மொதலாளி."

முதலாளி காபி டம்ளரைக் கீழே வைத்தார். கோபமில்லை. நிஜமாகவே விளங்கவில்லை அவருக்கு.

"நானா? உன் பொண்ணையா?"

அளத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் சடையப்பன் மகள் சொன்ன பொய்யையே நினைத்துக்கொண்டு நடந்தான். பதில் வரலையாம். வெயில் ஏறிவிட்டிருந்தது. அவன் பாத்தியில் ஆண்டாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி என்னப்பா சொன்னாரு?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ பதில் சொல்லலன்னுதான் சொன்னாரு."

ஆண்டாளின் கை ஒரு கணம் நின்றது.

"நான்தான் சொன்னேனேப்பா" என்றாள். மறுபடி உப்பை இழுக்கத் தொடங்கினாள்.